கம்பி ஏன் குறுக்கே போகுது?

இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை இருக்கு. ஹாஸ்டல் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போங்க. பழைய கறுப்பு சைக்கிள் ஒண்ணு எப்படியும் ஓரமா நிக்கும். கேரியர், பெரிய மணி, கம்பி பிரேக் எல்லாம் வச்ச அதே பெரிய சைக்கிள். அதோட முன் வீலில் எத்தனை போக்ஸ் கம்பி இருக்குன்னு எண்ணிப் பாருங்க. அப்புறம் பின் வீலை எண்ணுங்க.

பெரும்பாலும் முன்னே 32, பின்னே 40 இருக்கும். எண்ணும்போது இன்னொண்ணும் கண்ணில் படும். எந்தக் கம்பியும் நடு ஹப்பிலிருந்து ரிம்முக்கு நேரா போகாது. எல்லாம் சாய்ஞ்சு, ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டுப் போகும்.

பத்தாம் வகுப்பு வரைக்கும் 'ஆரம், ஆரம்'னு படிச்சோமே, அந்த வார்த்தையே மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலோட உறவுதான். ஆனால் சைக்கிளில் ஆரக்கால் ஆரத்தின் வழியே போறதில்லை. ஏன்? மெக்கானிக்கலில் ரெண்டு வருஷம் முடிச்ச பிறகும் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. கேட்காததற்கு விலை கொடுத்தது என் அம்மா.

நான் பார்த்த வேலை

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில். அம்மா சைக்கிள் கத்துக்கிட்டது 1992-ல், அறிவொளி இயக்கம் நடந்த சமயம். எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், மத்தவங்களுக்காகச் சொல்றேன். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கினப்போ, படிப்போட சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் இதுக்குப் பெரிய ஆதரவு. 1992 மகளிர் தினத்தன்னைக்கு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளோட புதுக்கோட்டையில் திரண்டாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பத்தி எழுதினது 1996-ல் வந்த அவரோட புத்தகத்தில் இருக்கு. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினாங்கன்னும், முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்னு சிலர் அதையே விரும்பினாங்கன்னும் அதில் எழுதியிருக்கார்.

எங்க வீட்டுலயும் ஜென்ட்ஸ் சைக்கிள்தான். நான் அந்த பாரில் துண்டு சுத்தி உட்கார்ந்து வளர்ந்தவன். இன்னைக்கும் அம்மாவுக்கு தண்ணிக் குடம், ரேஷன் அரிசி, புல்லுக்கட்டு எல்லாத்துக்கும் அதுதான் வண்டி.

ரெண்டாம் வருஷ செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போனப்போ பின் வீல் ரிம் துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. "நானே மாத்தித் தர்றேம்மா"ன்னு புது ரிம் வாங்கினேன். போனில் பார்த்த ரேஸ் சைக்கிள்களில் முன் வீல் கம்பி எல்லாம் சூரியக் கதிர் மாதிரி நேரா இருந்துச்சு. பார்க்க அழகு, கோர்க்கவும் சுலபம். அதுக்குத் தோதான குட்டைக் கம்பியைத் தேடி வாங்கி, 40 கம்பியையும் நேரா போட்டேன். கோட்டம் எடுத்தேன். வீல் சும்மா ஜம்முனு சுத்துச்சு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன்.

மூணாவது வாரம் போன் வந்தது. ரெண்டு குடம் தண்ணியோட கிளம்பி பெடலை அழுத்தினப்போ 'டிங்'னு ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் இன்னொண்ணு. ரிம் ஒரு பக்கமா இழுத்து ஃபோர்க்கில் உரசி, வண்டி நின்னு, அம்மா கீழே விழுந்துட்டாங்க. முட்டியில் நாலு தையல். பின்னாடி பஸ் எதுவும் வராதது எங்க நல்ல நேரம்.

நான் ஊருக்குப் போனப்போ அம்மா திட்டலை. "ஏன் அப்பு, பழைய வீலை நல்லாப் பார்த்துட்டுத்தானே கழட்டுனே? அதுல கம்பி குறுக்க குறுக்க போயிருந்துச்சே. சும்மாவா வச்சிருப்பாங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்.

கல் தாங்கும், கம்பி இழுக்கும்

எங்க ஊர் ஆத்மநாத சுவாமி கோயிலுக்கு வந்தவங்க அண்ணாந்து பார்க்காமல் போக மாட்டாங்க. அங்கே இருக்கிற கொடுங்கை அப்படி. மரச் சட்டம், குறுக்குக் கம்பு, ஆணி என்று மரக்கூரையில் இருக்கிற அத்தனையையும் கல்லிலேயே செதுக்கியிருப்பாங்க. ஆனால் பார்வைக்குத்தான் அது மரம். வேலை செய்வது கல்லாத்தான். கல்லின் பலம் அழுத்தத்தைத் தாங்குவதில். இழுத்தால் சீக்கிரம் விரிசல் விட்டுடும்.

மாட்டு வண்டிச் சக்கரமும் அந்தக் கட்சிதான். நடுவில் குடம், வெளியே வட்டை, இடையில் தடித்த ஆரக்கால். பாரம் குடத்துக்கு வந்து, கீழே இருக்கிற ஆரக்கால் தூண் மாதிரி நின்னு அதைத் தரைக்குக் கொடுக்கும். அதனால்தான் ஆரக்கால் அவ்வளவு தடிமன்.

சைக்கிள் கம்பி எவ்வளவு தடிமன்? வழக்கமான 14 கேஜ் கம்பி 2 மில்லிமீட்டர். ஒரு கம்பியைக் கையில் எடுத்து நட்டுக்குத்தா தரையில் ஊன்றி அழுத்துங்க. உடனே வளைஞ்சுடும். அதே கம்பியை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்துப் பாருங்க, உங்களால் ஒண்ணும் செய்ய முடியாது. கம்பிக்கு இழுவிசை மட்டும்தான் தெரியும்.

அப்படியானால் வளையும் கம்பியை வச்சு நிற்கிற சக்கரம் எப்படிச் செய்வது? வழி இதுதான்: எல்லாக் கம்பியையும் முன்கூட்டியே இறுக்கி வைக்கணும். நல்லாக் கட்டின நவீன அலுமினிய ரிம் வீலில் ஒரு கம்பியில் 1,000 நியூட்டன் அளவுக்கு, அதாவது சுமார் 100 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவுக்கு, இழுவிசை இருக்கும். நம்ம இரும்பு ரிம் வீலில் அதைவிடக் குறைவு. நீங்க ஏறி உட்காரும்போது தரையைத் தொடும் இடத்தில் இருக்கிற நாலைந்து கம்பிகளில் இந்த இறுக்கம் கொஞ்சம் குறையும். மற்ற கம்பிகளில் பெரிய மாற்றம் இருக்காது. கீழ்க் கம்பி 'தாங்குறது' என்றால், தன் இழுப்பை விட்டுக் கொடுக்குறது என்று அர்த்தம். ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-ல் எழுதிய 'தி பைசைக்கிள் வீல்' புத்தகம் இதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டியது. கான்கிரீட் பாடத்தில் ப்ரீஸ்ட்ரெஸ்ஸிங் படிச்ச சிவில் நண்பர்களுக்கு இது பழைய கதை. அங்கே முன்கூட்டியே அழுத்தி வைக்கிறாங்க, இங்கே முன்கூட்டியே இழுத்து வைக்கிறாங்க.

பாரம் கூடிக் கீழ்க் கம்பியின் இறுக்கம் பூஜ்யமானால் அந்த இடத்தில் ரிம்மைப் பக்கவாட்டில் பிடிக்க ஆள் இல்லை. அப்போதான் ரிம் எட்டு மாதிரி வளையும். கம்பி அதிகமானால், கீழே பாரத்தைப் பங்கு போடக் கூடுதல் கம்பி இருக்கும். ஓட்டுறவர் எடையில் பாதிக்கு மேல் பின் வீலுக்குப் போகுது, கேரியர் பாரமும் அங்கேதான். முன்னே 32, பின்னே 40 என்ற பழைய பிரிட்டிஷ் வழக்கம் இந்தக் காரணத்தால் வந்தது. நம்ம நாட்டு சைக்கிளும் அதையே பிடிச்சுக்கிட்டது.

ஆனால் நான் போட்டதும் 40 கம்பிதானே? எண்ணிக்கையில் குறை இல்லை. குறை திசையில்.

நேர்க் கம்பி எங்கே தோற்குது?

வீலுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, பாரத்தைத் தாங்குவது. ரெண்டாவது, முறுக்கு விசையைக் கடத்துவது. நீங்க பெடலை அழுத்தும்போது செயின் ஃப்ரீவீலை இழுக்கும், ஃப்ரீவீல் ஹப்பைச் சுற்றும், ஹப் ரிம்மைச் சுற்றணும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கிறது கம்பி மட்டும்தான்.

இப்போ முதல் செமஸ்டர் ஸ்டேட்டிக்ஸை ஞாபகப்படுத்துங்க. திருப்புத்திறன் என்றால் விசை பெருக்கல் செங்குத்துத் தூரம். நேர்க் கம்பியின் கோடு அச்சின் மையம் வழியாகவே போகுது. செங்குத்துத் தூரம் பூஜ்யம். எவ்வளவு இறுக்கினாலும் திருப்புத்திறன் பூஜ்யம். அப்போ வீல் எப்படி ஓடுச்சு? ஹப் கொஞ்சம் முன்னே திரும்பி, 40 கம்பியும் சற்று சாய்ஞ்ச பிறகுதான் ரிம் இழுபட்டுச்சு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஹப் திரும்புது, விடும்போது பழைய இடத்துக்கு வருது. இந்த ஆட்டம் முழுக்க விழுவது கம்பி 'ட' மாதிரி வளைஞ்சு ஹப்பில் நுழையுற அந்த முழங்கையில்.

இதை மனுஷன் கண்டுபிடிச்ச வரலாறும் இதே வரிசையில்தான். 1808-லேயே ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர், தன் பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேணும்னு இழுத்துக் கட்டின சக்கரத்தை யோசிச்சார். 1869-ல் பாரிஸில் யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பி நேராத்தான் போச்சு. அந்தக் காலத்து உயர்ந்த முன் வீல் சைக்கிளில் பெடல் நேரா ஹப்பிலேயே இருந்ததால், ஹப் திரும்பும் பிரச்சினை பெரிசாச்சு. கோவென்ட்ரியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் கம்பியை ஹப்பின் தொடுகோட்டுத் திசையில் சாய்ச்சுப் போடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பாதிக் கம்பி முன்பக்கம் சாயும், பாதி பின்பக்கம் சாயும். ஹப் திரும்பப் பார்த்தால் ஒரு பாதி இன்னும் இறுகும், மறுபாதி கொஞ்சம் தளரும். 1874-ல் தீர்ந்த பிரச்சினையை நான் எங்க வீட்டுத் திண்ணையில் திரும்ப உண்டாக்கினேன்.

எத்தனை வெட்டு போடணும்?

ஒரு கம்பி ஹப்பிலிருந்து ரிம் போறதுக்குள், அதே பக்கத்தில் எதிர்த்திசையில் போகும் எத்தனை கம்பிகளை வெட்டுதோ, அதுதான் வெட்டுக் கணக்கு. ஹப்பை ஒட்டி நடக்கும் முதல் வெட்டையும் சேர்த்து எண்ணணும். எல்லாரும் தவற விடுறது அதைத்தான்.

ஹப் ஓட்டைக்கும் அதன் ரிம் ஓட்டைக்கும் மையத்தில் உண்டாகும் கோணம்:

கோணம் = 720 × வெட்டு ÷ மொத்தக் கம்பி

40 கம்பி, 4 வெட்டு என்றால் 72 டிகிரி. 36 கம்பி, 3 வெட்டு என்றால் 60 டிகிரி. 32 கம்பி, 3 வெட்டு என்றால் 67.5 டிகிரி.

கம்பி நீளத்துக்கு கொசைன் விதி போதும்:

நீளத்தின் வர்க்கம் = ரிம் ஆரத்தின் வர்க்கம் + ஹப் ஓட்டை வட்ட ஆரத்தின் வர்க்கம் + பக்கத் தூரத்தின் வர்க்கம் − 2 × ரிம் ஆரம் × ஹப் ஆரம் × கொசைன் கோணம்

இங்கே ரிம் ஆரம் என்பது நிப்பிளில் கம்பி முடியும் இடம் வரை. பக்கத் தூரம் என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப் தட்டு வரை. கடைசியில் ஹப் ஓட்டை விட்டத்தில் பாதியைக் கழிச்சுக்கணும், சுமார் 1 மில்லிமீட்டர்.

ரிம் ஆரம் 305, ஹப் ஆரம் 22, பக்கத் தூரம் 30 மில்லிமீட்டர் என்று வச்சுக்கிட்டு 40 கம்பி வீலுக்குக் கணக்குப் போட்டேன். கம்பியின் கோட்டுக்கும் அச்சுக்கும் உள்ள செங்குத்துத் தூரத்தையும் கூடவே எழுதியிருக்கேன். அதைப் 'பிடிதூரம்'னு சொல்லிக்குவோம்.

• நேர்க் கம்பி: நீளம் 284.6 மி.மீ., பிடிதூரம் 0
• 1 வெட்டு: நீளம் 285.7, பிடிதூரம் 7.3
• 2 வெட்டு: நீளம் 289.1, பிடிதூரம் 13.7
• 3 வெட்டு: நீளம் 294.1, பிடிதூரம் 18.6
• 4 வெட்டு: நீளம் 300.4, பிடிதூரம் 21.3

ஹப் ஆரமே 22 தான். அதனால் பிடிதூரம் 22-ஐத் தாண்ட முடியாது. 4 வெட்டில் கிட்டத்தட்ட முழுசும் கிடைச்சாச்சு. 5 வெட்டு போட்டால் கோணம் 90 டிகிரி. கம்பி தொடுகோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கம்பியின் தலை மேல் ஏறி உட்காரும். நீளம்தான் கூடும், பயன் கூடாது.

இந்தப் பிடிதூரத்தால் என்ன லாபம்? 60 கிலோ ஆள் பெடல் மேல் எழுந்து நிற்கிறார், அதாவது 600 நியூட்டன். பெடல் தண்டு 165 மில்லிமீட்டர், முன் பல் சக்கரம் 44 பல், பின்னே 18 பல் என்று வைங்க. ஹப்புக்கு வரும் திருப்புத்திறன் சுமார் 40 நியூட்டன் மீட்டர். 40 கம்பியும் பங்கு போட்டால், 4 வெட்டு வீலில் ஒரு கம்பியின் இறுக்கம் சுமார் 47 நியூட்டன் கூடும் அல்லது குறையும். 1 வெட்டு வீலில் அதே வேலைக்கு 139 நியூட்டன். மூணு மடங்கு. நேர்க் கம்பிக்கு இந்த வாய்ப்பாட்டில் பூஜ்யத்தால் வகுக்கணும்.

'47 என்ன, 139 என்ன, கம்பிதான் ஆயிரம் நியூட்டன் தாங்குமே'ன்னு கேட்கலாம். கம்பி ஒரே இழுப்பில் அறுறது அபூர்வம். அது அறுறது களைப்பால். மெட்டலர்ஜி வகுப்பில் தூங்காதவங்களுக்குத் தெரியும், ஃபெட்டீக். விசை கூடிக் குறையும் அளவும், எத்தனை முறை என்பதும்தான் கணக்கு. எங்க ஊரிலிருந்து அறந்தாங்கி சுமார் 14 கிலோமீட்டர். பெரிய சைக்கிள் வீல் ஒரு சுத்துக்கு 2.2 மீட்டர் போகும். ஒரு வழிக்கே 6,300 சுத்துக்கு மேல். ஒவ்வொரு சுத்திலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை கீழே வந்து தளர்ந்து இறுகும். போய்த் திரும்பி வந்தால் 12,600 முறை. தினமும் போனால் மூணு மாசத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிடும். அதோட பெடல் விசையின் ஏற்ற இறக்கமும் சேருது. அதைக் குறைச்சு வைக்கிறதுதான் வெட்டு போடுறதின் வேலை.

16 கிராம்

நேர்க் கம்பிக்கு ஆதரவா ஒரு வாதம் உண்டு, எடை குறைவு. சரி, அதையும் போட்டுப் பார்ப்போம். 4 வெட்டுக்கும் நேர்க் கம்பிக்கும் நீள வித்தியாசம் 15.8 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் தடிமன் எஃகுக் கம்பி ஒரு மில்லிமீட்டருக்கு 0.025 கிராம் கூட வராது. 40 கம்பிக்கும் சேர்த்து மிச்சம் சுமார் 16 கிராம். அம்மாவோட குடத்தில் ஒரு மடக்குத் தண்ணி அதைவிட அதிகம்.

நேர்க் கம்பிக்கு இன்னொரு செலவும் இருக்கு. அது ஹப் தட்டின் ஓட்டையை நேரா வெளிப்பக்கம் இழுக்கும். ஓட்டைக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவில் கொஞ்சம் உலோகம்தான் இருக்கு. அலுமினிய ஹப்பில் அந்த விளிம்பு பிய்ஞ்சு வரலாம். நேர்க் கம்பி போட்டால் உத்தரவாதம் கிடையாதுன்னு பல ஹப் தயாரிப்பாளர்கள் சொல்வது அதனால்தான்.

அப்போ எந்த வீலுக்கு எது?

சைக்கிள் கட்டப் போறீங்கன்னா முதல் கேள்வி 'எது அழகு'ன்னு இருக்கக் கூடாது. இந்த ஹப் ரிம்முக்கு முறுக்கைக் கடத்துதா? என்ன பாரம் ஏறும்? இந்த ரெண்டையும் கேட்டால் பாதி முடிவு தானா வந்துடும்.

பெரிய சைக்கிள், பின் வீல் 40: 4 வெட்டு. மாத்தாதீங்க. முன் வீல் 32: 3 வெட்டு. 32-ல் 4 போட்டால் 90 டிகிரி ஆயிடும், வேண்டாம்.

கியர் சைக்கிள், 36 அல்லது 32: பின்னே 3 வெட்டு. கியர் அடுக்கு இருக்கும் வலது பக்கம் ஹப் தட்டு உள்ளே தள்ளி இருப்பதால், வலக் கம்பி இடக் கம்பியைவிட இறுக்கமா இருக்கும். ரெண்டு பக்கத்துக்கும் நீளம் தனித்தனியாக் கணக்குப் போடணும்.

டிஸ்க் பிரேக் வீல்: முன் வீலா இருந்தாலும் வெட்டு கட்டாயம். பிரேக் பிடிப்பது ஹப்பில், நிற்க வேண்டியது ரிம். முறுக்கு கம்பி வழியாத்தான் போகணும். ரேஸ் சைக்கிள் படத்தில் நான் பார்த்தது ரிம்மிலேயே பிரேக் பிடிக்கும் முன் வீல். அங்கே ஹப்புக்கு முறுக்கு வேலையே இல்லை, அதனால் நேர்க் கம்பி செல்லும். நான் காப்பியடிச்சது தப்பான வீலுக்கு.

ஹப் மோட்டார் வீல்: ப்ராஜெக்டுக்கு மின்சார சைக்கிள் செய்றவங்க இதைக் கவனிங்க. 'வெட்டு கூடினால் நல்லது'ன்னு இங்கே 3 வெட்டு போட்டால் வேற சிக்கல். மோட்டார் ஹப் பெரிசு. ஓட்டை வட்ட ஆரம் 100, ரிம் ஆரம் 270, 36 கம்பி என்று வைங்க. 3 வெட்டில் கம்பி ரிம்முக்குள் 21 டிகிரி சாய்ஞ்சு நுழையும். நிப்பிள் அவ்வளவு திரும்பாது, கம்பி மரை தொடங்கும் இடத்தில் வளைஞ்சு அங்கேயே அறும். 1 வெட்டு போதும். சாய்வு 11 டிகிரிதான், ஆனால் பிடிதூரம் 51 மில்லிமீட்டர். சாதா வீலின் 4 வெட்டைவிட ரெண்டு மடங்குக்கு மேல். ஹப்பே பெரிசா இருக்கும்போது வெட்டு அதிகம் தேவைப்படாது.

கோர்க்கிறது எப்படி?

எனக்கு இதைக் கத்துக் கொடுத்தது எங்க ஊர்ப் பக்கம் கடை வச்சிருக்கிற ஒரு பெரியவர். 40 கம்பி, 4 வெட்டுக்கு அவர் சொன்ன வரிசை இது.

1. ஹப்பின் ஒரு தட்டில் ஒண்ணு விட்டு ஒரு ஓட்டையில் 10 கம்பி. ரிம்மில் நாலு ஓட்டைக்கு ஒண்ணா மாட்டுங்க. ரிம் ஓட்டைகள் இடம், வலம்னு மாறி மாறிச் சாய்ஞ்சிருக்கும். இடத் தட்டுக் கம்பி இட ஓட்டைக்குத்தான் போகணும். முதல் கம்பி காற்று வாய்க்கு அடுத்த ஓட்டையில்.

2. ஹப்பைத் திருப்பி, மறு தட்டிலும் அதே மாதிரி 10. இவை முதல் கம்பிகளுக்கு அடுத்த ஓட்டைகளில்.

3. ஹப்பைக் கையால் ஒரு பக்கம் திருகுங்க. 20 கம்பியும் ஒரே திசையில் சாயும்.

4. மீதி 20 கம்பியை எதிர்த்திசையில் சாய்ச்சு விடுங்க. ஒவ்வொண்ணும் தன் பக்கத்துக் கம்பிகளில் மூணுக்கு மேலே போகும், நாலாவதுக்கு மட்டும் அடியில் நுழையும். பாய் முடையுற மாதிரி. இந்தக் கடைசிப் பின்னலால், ஒரு கம்பி தளரும்போது அதை வெட்டுற கம்பி அதன் தொய்வைக் கொஞ்சம் வாங்கிக்கும்.

5. காற்று வாய் இருக்கும் இடத்தைப் பாருங்க. ரெண்டு பக்கமும் கம்பி விலகி, பம்ப் நுழைய இடம் விட்டிருக்கணும். கம்பிகள் அங்கே கூடி நின்றால் முதல் கம்பியே தப்பு. கழட்டிட்டுத் திரும்பத் தொடங்குங்க. நான் ரெண்டு தடவை கழட்டினேன்.

6. எல்லா நிப்பிளையும் சமமாத் திருகிட்டு, கால் கால் சுத்தாக் கோட்டம் எடுங்க. ரிம் வலது பக்கம் வந்தால் அந்த இடத்தில் இடக் கம்பியைக் கொஞ்சம் இறுக்கி, வலக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தணும். ஒரே இடத்தில் ஒரேயடியா இறுக்கக் கூடாது.

7. பக்கத்துப் பக்கத்தில் இணையாகப் போகும் ரெண்டு ரெண்டு கம்பியைக் கையில் சேர்த்து நல்லா அமுக்கி விடுங்க. 'கிடுக்கு கிடுக்கு'ன்னு சத்தம் வரும். முறுக்கிக் கிடந்த கம்பி நேராகி, முழங்கை ஹப்பில் சரியா உட்காரும். அப்புறம் மறுபடி ஒரு கோட்டம். இந்தப் படியை விட்டுட்டால், நீங்க ஏறி ஓட்டும் முதல் நாளே வீல் திரும்ப ஆடும்.

கடைசியில் பெரியவர் ஒரு பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொண்ணா விரலால் சுண்டிக்கிட்டே போனார். ஒண்ணு மட்டும் மந்தமா சத்தம் கொடுத்தது. அதைக் கால் சுத்து இறுக்கினார். மீட்டர் எதுவும் இல்லை. இழுவிசை கூடினால் சுதி கூடும் என்ற நம்ம பிசிக்ஸ் சூத்திரம் அவர் காதில் இருக்கு.

"அண்ணே, இந்த நாலு வெட்டு கணக்கு உங்களுக்கு யார் சொன்னா?"ன்னு கேட்டேன்.

"யாரு சொன்னா? மூணு போட்டு அனுப்பின மூட்டைக்காரன் வண்டி திரும்பத் திரும்ப வந்துச்சு தம்பி. நாலு போட்டது வரலை."

பட்டியலில் பிடிதூரம் 18.6-க்கும் 21.3-க்கும் வித்தியாசம் சின்னதாத்தான் தெரியும். அவர் அதை எண்ணா பார்க்கலை. எந்த வண்டி கடைக்குத் திரும்பி வருது, யார் வேலையைக் கெடுத்துக்கிட்டுத் தள்ளிக்கிட்டு வர்றாங்கன்னு பார்த்திருக்கார். 1992-ல் எங்க மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் குழந்தையை முன்னாடியும் குடத்தைப் பின்னாடியும் வச்சு ஓட்ட ஆரம்பிச்சப்போ, அந்த பாரத்தை யாரும் டிசைன் ஷீட்டில் எழுதிக் கொடுத்திருக்க மாட்டாங்க. அதைச் சுமந்தது குறுக்கே போன 40 கம்பி.

இப்போ அம்மாவோட பின் வீலில் 4 வெட்டு. போட்டு எட்டு மாசம் ஆச்சு. லீவுக்குப் போகும்போதெல்லாம் சுண்டிப் பார்க்கிறேன். போன மாசம் ஒண்ணு மந்தமா இருந்துச்சு, கால் சுத்து இறுக்கினேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. முடிச்சு எழுந்ததும் வந்து, வீலைத் தூக்கி ஒரு சுத்து சுத்திவிட்டு, ரிம் ஃபோர்க்கில் உரசுதான்னு குனிஞ்சு பார்த்தாங்க. உரசலைன்னு தெரிஞ்ச பிறகுதான் குடத்தை எடுத்து மாட்டினாங்க.